ஏப்ரல் 16 மாலைக்குப் பிறகு

பிள்ளைக்கு எந்த ஆரம்பப் பள்ளியில் இடம் என்று சொல்லும் அந்த மின்னஞ்சல் லண்டன் பெற்றோருக்கு ஏப்ரல் 16 மாலையில் வரும். அன்று விடுமுறையானால் அடுத்த வேலைநாளில். வேலையிலிருந்து வந்து, உடுப்பு மாற்றி, அடுப்பில் சோறு வைத்த நேரமாக இருக்கும். ஆறு பள்ளிகளை மாதக்கணக்கில் யோசித்து வரிசைப்படுத்தி, ஜனவரி 15-க்கு முன்பே அனுப்பியிருப்பீர்கள். திறந்து பார்த்தால் ஐந்தாவதாகப் போட்ட பள்ளி. அல்லது பட்டியலில் எழுதவே எழுதாத, பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையை மட்டும் பார்த்த ஒரு பள்ளி.

அரை மணி நேரத்தில் வாட்ஸ்ஆப் குழுவில் கேக் படங்கள் வரத் தொடங்கும். மச்சாள் எடுப்பா: "என்ன, உங்களுக்கு எது கிடைச்சது?" இந்தக் கேள்விக்கு அன்றிரவே பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "இன்னும் வடிவாப் பார்க்கேல்லை மச்சாள், நாளைக்கு எடுக்கிறன்" என்று வைத்துவிடுங்கள்.

மானம் மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன். என் மூத்தவளுக்கு விரும்பிய பள்ளி கிடைக்காத இரவில் நான் நாலு பேரோடு தொலைபேசியில் கதைத்தேன். அவள் மேசைக்குக் கீழே படம் கீறிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பல் தீட்டும்போது, அந்தக் கூடாத ஸ்கூலுக்கா தான் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் தமிழில் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் காதில் விழுந்த ஒரு சொல்லையும் விடமாட்டார்கள். முந்தின நாள் மாலை வரை தனக்காக ஒரு விண்ணப்பம் போயிருப்பதே அவளுக்குத் தெரியாது. ஏமாற்றம் எனக்கு வந்தது; அதை அவள் கையில் கொடுத்தவளும் நான்தான். இந்த அத்தியாயத்தில் நடைமுறை விஷயங்கள் நிறைய வரும். அவற்றில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை, தொலைபேசியை மட்டும் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள்.

யாரும் உங்களை நிராகரிக்கவில்லை

"அவங்கள் எங்களை எடுக்கேல்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் எந்தத் தலைமையாசிரியரும் உங்கள் பிள்ளையின் பெயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் எழுதி வெளியிட்ட முன்னுரிமை விதிகள் இருக்கின்றன. சிறப்புக் கல்வித் தேவைக்கான திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்டிருக்கும் பிள்ளையைச் சேர்த்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு அரசு பராமரிப்பில் இருக்கும் அல்லது இருந்த பிள்ளைகள். பெரும்பாலான பள்ளிகளில் அதை அடுத்து, ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள். மிச்ச இடங்கள் வீட்டுத் தூரத்தின்படி. அண்ணன்மார் அக்காமார் அதிகமாக உள்ள வருடத்தில் தூரத்துக்கென மிஞ்சும் இடங்கள் சுருங்கும். நெருக்கமான லண்டன் தெருக்களில் கடைசி இடம் அரை மைலுக்குள்ளேயே முடிந்துவிடுவது உண்டு. போன வருடம் உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது என்பதால் இந்த வருடமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. "முதலாவதாப் போட்டிருந்தால் தந்திருப்பாங்கள்" என்பார்கள். இங்கிலாந்தில் நீங்கள் போட்ட வரிசை பள்ளிகளின் கண்ணுக்கே போகாது. ஆறு பள்ளிகளும் தத்தம் விதிப்படி தனித்தனியாகப் பட்டியலிடும். உங்கள் பிள்ளைக்கு இடம் வரும் பள்ளிகளில் நீங்கள் மேலே போட்டதைக் கவுன்சில் தரும். வரிசைக்கு வேலை அவ்வளவுதான். ஆகவே, "தப்பாப் போட்டிட்டம்" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் அந்தச் சண்டை தேவையற்றது. ஒரே ஒரு பள்ளியை மட்டும் எழுதியவர்களும் எட்டாத தூரத்துப் பிரபல பள்ளிகளாகவே ஆறையும் எழுதியவர்களும் உண்மையிலேயே தவறுவிட்டவர்கள். எதிலும் இடம் வராதபோது, எங்கே காலியிருக்கிறதோ அங்கே ஓர் இடத்தைக் கவுன்சில் காட்டும். இதையும் இரண்டாவது பிள்ளைக்குப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தலையில் அடித்துக்கொண்டு பயனில்லை.

முதல் வாரம்: கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வந்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கடிதத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். பொதுவாக ஏப்ரல் மாத முடிவுக்குள். "ஏற்றுக்கொண்டால் அதோடு முடிந்தது, மற்றப் பள்ளிக்கான வாய்ப்புப் போய்விடும்" என்ற பேச்சு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் வருடாவருடம் உலவும். நான் அங்கே படிப்பிப்பதால் வருடாவருடம் மறுத்துச் சொல்கிறேன். ஏற்றுக்கொண்டாலும் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் இடம் ஒரு படிகூடக் கீழே இறங்காது, மேன்முறையீட்டு உரிமையும் போகாது. வேண்டாம் என்று எழுதினாலோ, அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். கவுன்சில் உங்களுக்கு வேறொன்றைத் தேடித்தரக் கட்டுப்பட்டதல்ல. கோபத்தில் "வேண்டாம்" பொத்தானை அழுத்திய ஒரு குடும்பம் செப்டெம்பரில் மூன்று பள்ளிகளுக்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை காத்திருப்புப் பட்டியல். சில கவுன்சில்கள், கிடைத்த பள்ளிக்கு மேலே நீங்கள் போட்ட எல்லாவற்றிலும் தாமாகவே பெயரைச் சேர்க்கும். சில, கேட்டால்தான் சேர்க்கும். அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் எழுதாத ஒரு பள்ளியைப் புதிதாகச் சேர்க்கவும் கேட்கலாம். எங்கெங்கே இன்னும் காலியிடம் இருக்கிறது என்பதையும் அப்போதே விசாரியுங்கள். லண்டனில் பிறப்பு குறைந்து, உள்நகரப் பகுதிகளில் சில ஆரம்பப் பள்ளிகள் மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் வரும் காலம் இது. பத்து வருடத்துக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத நல்ல பள்ளிகளிலும் இப்போது நாற்காலி காலியாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, எழுத்தில் ஒன்று கேளுங்கள்: எங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வைக்கப்பட்டாள், எங்கள் வீட்டுத் தூரம் எவ்வளவு என்று அளந்தீர்கள், கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் தூரம் எவ்வளவு? இந்த மூன்று விவரங்களும் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பட்டியல் ஏணியல்ல

காத்திருப்புப் பட்டியலில் ஏழாவது என்றால், ஆறு பேர் நகர்ந்ததும் நம் முறை என்று நினைப்போம். கோவில் பிரசாத வரிசை அப்படித்தான். இது அப்படியல்ல. புதிதாக யார் பெயர் சேர்ந்தாலும் அதே விதிகளின்படி முழுப் பட்டியலும் மறுபடி அடுக்கப்படும். எப்போது பெயர் கொடுத்தீர்கள் என்பதற்கு மதிப்பில்லை. பள்ளிக்கு அடுத்த வீட்டுக்கு ஜூனில் ஒருவர் குடிவந்தால் அவர் உங்களுக்கு மேலே போவார். மே மாதம் ஏழாவதாக இருந்தவர்கள் ஜூலையில் பதினோராவதாக இருப்பதை ஊழல் என்று நினைத்துக் கொதிக்காதீர்கள்.

ஆனால் பட்டியல் நகரவும் செய்யும். ஏற்கும் கடைசித் தேதி முடிந்த மே மாதத்தில் முதல் அசைவு வரும். கோடையில் வீடு மாறுபவர்கள், தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் இடம் விடுவார்கள். செப்டெம்பர் முதல் இரண்டு வாரத்தில், வரவேண்டிய பிள்ளை வராமல் போய் இன்னொரு அசைவு. சட்டப்படி இந்தப் பட்டியலைக் குறைந்தது டிசெம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு உங்கள் பெயர் தானாக விழுந்துவிடுமா, மறுபடி பதிய வேண்டுமா என்று கேட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அழைத்து நிலையைக் கேட்பது போதும். வாரத்துக்கு மூன்றுமுறை அழைத்தால் அலுவலகத்துக்கு உங்கள் குரல் பழகும், பட்டியல் நகராது.

மேன்முறையீடு: எப்போது போகலாம், எப்போது வேண்டாம்

மேன்முறையீடு செய்ய எல்லாப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. அதனால் எல்லோரும் செய்ய வேண்டும் என்பதில்லை.

ரிசெப்ஷன் (முதலாம் ஆண்டுக்கு முந்தின வகுப்பு), முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கட்டுப்பாடு. 60 பிள்ளைகளை எடுக்கும் பள்ளி என்றால் இரண்டு வகுப்பு, இரண்டும் நிறைந்திருக்கும். அங்கே 31-ஆவது பிள்ளையாகச் சேர்க்கச் சொல்லி விசாரணைக் குழு முன் போனால், குழு பார்ப்பது சில விஷயங்களைத்தான். இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் வரம்பு உண்மையிலேயே மீறப்படுமா? சேர்க்கை விதிகள் சட்டத்துக்கு முரணாக இருந்து, அல்லது தவறாகப் பின்பற்றப்பட்டு, அதனால் உங்கள் பிள்ளை இடத்தை இழந்தாளா? அல்லது சூழ்நிலையைப் பார்த்தால் நிதானமுள்ள எந்த அதிகாரியும் எடுத்திருக்க முடியாத முடிவா? கடைசியில் சொன்னதை நிரூபிப்பது மிகக் கடினம். எனவே அம்மம்மா பள்ளிக்கு எதிரேதான் இருக்கிறா, அம்மாவுக்கு இரவு வேலை, தோழி அங்கே போகிறாள் என்பதெல்லாம் குழுவினரின் மனத்தைத் தொடும், முடிவை மாற்றாது.

முடிவை மாற்றக்கூடியது, சேர்க்கையில் நடந்த தவறு. வீட்டு இலக்கம் தவறாகப் பதிந்து தூரம் கூடியிருக்கிறது. அக்கா அங்கே படிப்பதைக் குறிப்பிட்டும் கணினியில் ஏறவில்லை. தேவாலயப் பள்ளிகளும், ஹாரோவில் 2008-இல் தொடங்கிய கிருஷ்ணா அவந்தி போன்ற இந்துப் பள்ளியும் கேட்கும் தனிப் படிவத்தை நேரத்துக்குக் கொடுத்த ரசீது உங்களிடம் இருக்கிறது, அவர்கள் கணக்கில் இல்லை. இப்படி ஒன்று இருந்தால் தயங்காமல் போங்கள். அந்தப் படிவத்தைக் கொடுக்கவே இல்லையென்றால், அது நம் பக்கத் தவறு. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடிக்கொண்டே தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. இரட்டையரில் ஒருவருக்கு 30-ஆவது இடம் கிடைத்து மற்றவர் வெளியே நின்றால், அது விதிவிலக்கு. வரம்பை மீறியும் சேர்க்கலாம். வகுப்புகள் 30-ஐத் தொடாத சிறிய பள்ளி என்றால் குழு இரு பக்கத்தையும் தராசில் போடும். அங்கே குடும்பச் சூழலுக்கும் எடை உண்டு.

முடிவு தெரிந்ததிலிருந்து மேன்முறையீடு செய்யக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தருவார்கள். அதற்கான கடைசித் தேதியிலிருந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரணை. அதற்குப் பத்துப் பள்ளி நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வரும். கட்டணம் இல்லை. குழுவில் குறைந்தது மூன்று பேர், பள்ளிக்கும் கவுன்சிலுக்கும் தொடர்பில்லாதவர்கள். நீதிமன்றம் போல இருக்காது. மேசையைச் சுற்றி, அல்லது வீடியோவில் நடக்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நூற்றுக்கணக்கில் பவுண்ட் வாங்கிக்கொண்டு மேன்முறையீடு எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தவறு நடந்திருந்தால் அதை ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிவிடலாம். தவறு நடக்கவில்லையென்றால் அவர்கள் பத்துப் பக்கம் எழுதியும் ஆகப்போவதில்லை. இது என் கருத்து.

மேன்முறையீட்டில், கிடைத்த பள்ளியைத் திட்டி எழுதாதீர்கள். அது குழுவுக்குத் தேவையில்லாதது. செப்டெம்பரில் அந்த வாசலில்தான் நீங்கள் நிற்க வேண்டியும் வரலாம்.

அண்ணன் வீட்டு விலாசம்

இதை எழுதாமல் விட்டால் இந்த நூல் நேர்மையாக இராது. "அண்ணன் வீட்டு அட்ரஸைக் குடு, ஆர் பார்க்கப்போறாங்கள்?" என்ற யோசனை நம் குடும்பங்களில் அன்போடு முன்வைக்கப்படும். பார்ப்பார்கள். கவுன்சில் வரிப் பதிவோடு ஒப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் போடுவதும் நடக்கும். பொய் விலாசத்தில் பெற்ற இடத்தைக் கொடுத்த பிறகும் திரும்ப எடுக்கலாம். அப்போது ஏப்ரல் போய்விட்டிருக்கும், அருகிலுள்ள பள்ளிகளும் நிறைந்துவிட்டிருக்கும். உண்மையிலேயே வீடு மாறப்போகிறீர்கள் என்றால், வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானதும் கவுன்சிலுக்குக் காட்டுங்கள். பட்டியலில் உங்கள் தூரம் மாறும். பள்ளிக்காக மட்டும் மாதம் முந்நூறு பவுண்ட் கூடுதல் வாடகைக்குப் போவதா என்பதை, பட்டியலில் எத்தனையாவது இடத்துக்கு வருவோம் என்று கேட்டறிந்த பிறகு முடிவெடுங்கள்.

கிடைத்த பள்ளியை ஒருமுறை பாருங்கள்

பட்டியலில் போடாத பள்ளியைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒரே சொல்லாக இருக்கும்: "அது சரியில்லை." யார் சொன்னது என்று பின்னோக்கிப் போனால், பிள்ளையே இல்லாத ஒரு சித்தப்பாவில் போய் முடியும்.

பள்ளிகளைப் பரிசோதிக்கும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையைப் பார்க்கலாம். ஆனால் அதைப் படிக்கும் விதம் இருக்கிறது. முழுப் பள்ளிக்கும் ஒரே சொல்லில் மதிப்பிடும் வழக்கத்தை 2024 செப்டெம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் "அவுட்ஸ்டாண்டிங்" வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான பரிசோதனையிலிருந்து விலக்கு இருந்தது. அதாவது நம்மவர்கள் வாயில் புரளும் சில "அவுட்ஸ்டாண்டிங்"குகள் பத்து வருடத்துக்கு மேல் யாரும் எட்டிப்பார்க்காதவையாக இருந்தன. அறிக்கையில் முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு ரிசெப்ஷன் வகுப்பைப் பற்றிய பகுதியைப் படியுங்கள்.

அதைவிட நல்ல வழி, பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வாசலில் போய் நிற்பது. பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோர் முகம் பார்த்து ஒப்படைக்கிறாரா, ஆறாம் ஆண்டுப் பெரியவர்கள் சின்னவர்களை இடித்துத் தள்ளுகிறார்களா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ என்றால் அங்கே நிற்கும் அம்மாமாரில் ஒருவராவது தமிழ் பேசக்கூடும்; தயங்காமல் கதை கொடுங்கள். பிறகு பள்ளிக்கு அழைத்து, நேரில் சுற்றிப் பார்க்க ஒரு நேரம் கேளுங்கள். வாசிப்பை எப்படித் தொடங்குகிறார்கள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறார்கள், காலை கிளப் எத்தனை மணிக்குத் திறக்கும், மாலையில் எத்தனை மணி வரை வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். சாப்பாடு பற்றியும் கேளுங்கள். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் ரிசெப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை மதிய உணவு 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளி முழுவதற்கும். சைவமா, மாட்டிறைச்சி தவிர்க்க வேண்டுமா என்பதைப் படிவத்தில் எழுதினால் போதும்.

தூரம் ஒரு கவலையென்றால்: லண்டனில் 11 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு பஸ் இலவசம். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு, இடம் இருக்கும் பொருத்தமான பள்ளிகளில் மிக அருகிலுள்ளதே இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தால், கவுன்சில் போக்குவரத்துக்கு வழி செய்ய வேண்டும்.

"இந்தப் பள்ளிக்குப் போனால் கிராமர் ஸ்கூல் கனவு போச்சு" என்று கவலைப்படுகிறவர்களுக்கு: சட்டனிலும் கிங்ஸ்டனிலும் கிராமர் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் வருகிறது. எந்த ஆரம்பப் பள்ளியில் படித்தாய் என்று அந்தத் தாள் கேட்பதில்லை. நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி நாம் இப்படிக் கணக்குப் போடுவது வேறொரு அத்தியாயத்துக்கான விஷயம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

மே, ஜூன் மாதங்களில் பட்டியல் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மையைப் பிள்ளையிடம் பகிர வேண்டாம். "நீ செப்டெம்பர்ல இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போறாய்" என்று கிடைத்த பள்ளியின் பெயரையே சொல்லுங்கள். இடையில் மாறினால் அப்போது சொல்லலாம். இந்த வயதில் பழகிக்கொள்ள மூன்று வாரம் போதும். அந்தப் பள்ளி வழியாக நடந்து போங்கள். பள்ளி நடத்தும் அறிமுக நாளுக்குத் தவறாமல் கூட்டிப்போங்கள், "எப்படியும் மாறத்தானே போறம்" என்று விட்டுவிடாதீர்கள். அங்கே சேரப்போகும் இரண்டொரு பிள்ளைகளைக் கோடையில் பூங்காவில் சந்திக்க வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. நர்சரித் தோழி வேறு பள்ளிக்குப் போகிறாள் என்றால் அதை மறைக்க வேண்டாம். சனிக்கிழமைகளில் பார்க்கலாம் என்று சொல்லி, உண்மையிலேயே பார்க்கவும் வையுங்கள்.

சீருடை வாங்கும்போது ஒரு சிக்கனம்: பள்ளிச் சின்னம் போட்ட ஸ்வெட்டர் ஒன்று மட்டும். சாம்பல் நிறக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள். பெரும்பாலும் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

பட்டியல் அசையும் வரை தள்ளிப்போடலாமா என்று கேட்பவர்களுக்கும் வழியிருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததற்கு அடுத்த பருவத்திலிருந்துதான் பள்ளி கட்டாயம். நவம்பரில் ஐந்து ஆகிற பிள்ளைக்கு அது ஜனவரி. பெப்ரவரியில் ஆகிறவருக்கு ஏப்ரல். இந்தப் பிள்ளைகளை அதுவரை, கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே, தாமதமாகச் சேர்க்கவோ அரை நாள் அனுப்பவோ பெற்றோர் கேட்கலாம். ஆனால் செப்டெம்பரில் மணல் தொட்டியைச் சுற்றி உருவாகும் கூட்டுகளில் ஜனவரியில் புகுவது சில பிள்ளைகளுக்குச் சிரமம். பள்ளி மாறும் ஆசைக்காக மட்டும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒக்டோபரில் வரும் அழைப்பு

எங்களுக்கு அது பாதிப் பருவ விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை வந்தது. முதலாவதாகப் போட்ட பள்ளியில் ஓர் இடம். இரண்டு நாளில் பதில் வேண்டும். ஆறு மாதம் ஏங்கிக் காத்திருந்த அழைப்பு வந்தபோது மகளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருந்தாள், கோட்டு மாட்டும் கொக்கியில் ஆமைப் படம் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் மாற்றினோம். காரணம், தம்பி: அடுத்த வருடம் அவனுக்கு அதே பள்ளியில் முன்னுரிமை வரும், அது வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. இரண்டு வாரம் அழுதாள். பிறகு அழவில்லை. ஆமையை மட்டும் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் இன்னொரு குடும்பத்துக்கு அதே வாரம் அதே மாதிரி அழைப்பு வந்து, வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, கிடைத்த பள்ளி அப்பாவின் வேலைக்குப் போகும் வழியில் இருந்தது.

உங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். தினசரி பயணத்தில் எவ்வளவு மிச்சமாகும்? பின்னால் வரும் பிள்ளைகளுக்கு இதனால் என்ன மாறும்? இப்போதைய பள்ளியில் தீர்க்க முடியாத சிக்கல் ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் சொல்லும்படியாகப் பதில் இல்லையென்றால், "முதலில் கேட்டது இதுதானே" என்ற பழைய வைராக்கியம் மட்டும்தான் மிஞ்சி நிற்கும். வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள், பிள்ளை பகலில் எப்படி இருக்கிறாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எதைத் தீர்மானித்தாலும் அதே நாளில் இரண்டு பள்ளிகளுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் விடும் இடத்துக்கு அடுத்ததாக இன்னொரு வீட்டில் தொலைபேசி அடிக்க வேண்டியிருக்கிறது.